பெயர் மாற்றம்

அத்தான் காலமாகி மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் மும்பையிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். குரலே சரியில்லை.

"அண்ணே, அத்தான்கிட்டருந்து எனக்கு மெயில் வந்திருக்கு."

எனக்கும் ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"சௌக்கியமா இருக்கியா, பேத்திக்கு முடியிறக்கினது நல்லபடியா நடந்துதான்னு கேட்டிருக்கு. கடைசியிலதான் பார்த்தேன், அக்கான்னு போட்டிருக்கு. அதுக்குள்ள எனக்கு நெஞ்சு படபடன்னு ஆயிட்டுது."

பாளையங்கோட்டைக்குப் போன் போட்டேன். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான்தான் போட்டேன் தம்பி. பக்கத்து வீட்டுப் பிள்ளை அடிச்சுக் குடுத்துச்சு. கீழ என் பேரைத்தான் போட்டேன். அவன் எதுக்குப் பயப்படுதான்?" என்றாள்.

கீழே அவள் பெயர் இருந்தது உண்மை. ஆனால் கடிதம் போனது அத்தானின் மெயிலிலிருந்து. மெயில் திறந்திருந்தது அத்தானின் கம்ப்யூட்டர் கணக்கில். கடிதத்தைத் திறப்பதற்கு முன்பே, பெறுகிறவன் கண்ணில் படுவது அனுப்பியவர் பெயர்தான்.

வீட்டில் ஒருவர் போனபிறகு எத்தனை பெயர் மாற்றங்கள் செய்ய வேண்டியிருக்கிறது என்பது பட்டவர்களுக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழ் வாங்கிப் பத்துப் பதினைந்து நகல் எடுக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு கரண்ட் இணைப்பு, வீட்டு வரி, தண்ணீர் வரி, கேஸ், வங்கிக் கணக்கு, குடும்ப பென்ஷன். அக்கா வீட்டில் எல்லாமே அத்தான் பெயரில்தான் இருந்தன. அக்காவுக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததில்லை. எங்கள் தலைமுறை வீடுகள் பலவும் அப்படித்தான். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, முடிந்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தோம். கம்ப்யூட்டர் மட்டும் அந்தத் தாளில் இல்லை.

இல்லை என்றும் சொல்ல முடியாது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்திருந்த மருமகன், ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டே நிமிடத்தில் அந்த வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். அத்தானின் கணக்கில் இருந்த பெயரை மாற்றி, அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டான். கம்ப்யூட்டரைப் போட்டால் அக்கா பெயர்தான் திரையில் வரும். எல்லாருக்கும் திருப்தி.

அது வாசலில் பெயர்ப்பலகையை மாற்றுவது மாதிரி. விண்டோஸில் ஒருவருக்குக் கணக்கு உண்டாக்கினால், சி டிரைவில் யூசர்ஸ் என்ற இடத்தில் அவர் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாகிறது. அவருடைய கோப்புகள், படங்கள், பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் விஷயங்கள், திரையின் நிறம், எழுத்தின் அளவு எல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும். பிறகு நாம் கணக்கின் பெயரை மாற்றினால், முகப்பில் தெரிகிற பெயர் மாறுமே தவிர அந்த ஃபோல்டரின் பெயர் மாறாது. உள்ளே இருக்கிறதும் மாறாது. பலகையில் அக்கா பெயர், வீட்டுக்குள் அத்தான்.

மெயில் விஷயத்தோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். அடுத்த வாரம் கேஸ் இணைப்புப் பெயர் மாற்ற விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஆன்லைனில் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். விண்ணப்பதாரர் பெயரும் காலமானவர் பெயரும் ஒன்றாக இருக்கிறதே என்று கேட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கட்டத்தில் முதல் எழுத்தைத் தட்டியதும், பிரவுசர் தன் பழக்கப்படி மிச்சக் கட்டங்களில் அத்தானின் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாவற்றையும் தானாகவே நிரப்பிவிட்டது. அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. தன் மரணத்துக்குத் தானே விண்ணப்பித்தவராகிவிட்டார் அத்தான்.

"நீ ஒரு தடவ வந்துட்டுப் போ தம்பி" என்றாள் அக்கா. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன்.

அத்தானின் கம்ப்யூட்டர் அறை அவர் வைத்துவிட்டுப் போனபடியே இருந்தது. மேஜை, பிரிண்டர், பென்சில் டப்பா, தினசரி காலண்டர். அவர் இருந்தவரை அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் போனாலும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். அவர் காட்டுவார், நான் பார்ப்பேன்.

"நீயே போட்டுக் காட்டு, எங்க சிக்குதுன்னு பாப்போம்" என்று அக்காவை உட்காரச் சொன்னேன்.

மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் கிடந்தது. அத்தானுக்கு இடக்கைப் பழக்கம். அந்தக் காலத்து வாத்தியார் பிரம்பால் எழுத்தை வலக்கைக்கு மாற்றியிருந்தார். ஆனால் கேரம் போர்டு, திருப்புளி, பேட்மிண்டன் மட்டை எல்லாம் கடைசி வரை இடக்கைதான். அக்கா மவுஸை எடுத்து வலப்பக்கம் வைத்துக்கொண்டாள். ஒரு ஃபோல்டரின் மேல் அம்பைக் கொண்டுபோய் ஆள்காட்டி விரலால் அமுக்கினாள். ஃபோல்டர் திறக்கவில்லை. நீளமாக ஒரு பட்டியல் வந்து தொங்கியது. அதை விலக்க வேறொரு இடத்தில் அமுக்கினாள். அங்கே இன்னொரு பட்டியல் தொங்கியது.

"பாத்தியா? எப்பவும் இப்படித்தான். நாலு தடவ அமுக்குனா ஒரு தடவ கேக்கும். எனக்கு இது வராது தம்பி."

நான் வாங்கி அமுக்கினேன். எனக்கும் அதே பட்டியல்தான். மவுஸ் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. மவுஸை இடக்கையில் பிடிக்கிறவருக்கு ஆள்காட்டி விரல் வலது பொத்தானின் மேல் படியும். அவர்களுக்காக விண்டோஸில் இரண்டு பொத்தானையும் இடம் மாற்றி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அத்தான் மாற்றி வைத்திருந்தார். அவர் சௌகரியத்துக்கு அவர் செய்துகொண்டது. அதைச் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை, கேட்கவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதுமில்லை.

மருமகனுக்குப் போன் போட்டேன். "தெரியும் மாமா. அம்மாவுக்கு அதுவே பழகியிருக்கும்னு நினைச்சு விட்டுட்டேன்" என்றான்.

அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது 2009இல். அப்போது அக்கா ஆசையாக நாலு நாள் உட்கார்ந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் விட்டுவிட்டாள். அந்த சமயத்தில் நான் ஊருக்குப் போயிருந்தேன். "அக்காவுக்கு மிக்ஸி போதும் அத்தான், இதெல்லாம் எதுக்கு?" என்று சொன்னேன். அத்தான் சிரித்தார், நான் சிரித்தேன், அக்காவும் சிரித்தாள். அவள் எங்களோடு சேர்ந்து சிரித்தது இப்போது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும்போது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் பொத்தான்கள் மாறித்தான் இருந்திருக்கும்.

செட்டிங்ஸில் போய் முதன்மைப் பொத்தானை இடது என்று மாற்றினேன். அரை நிமிட வேலை. "இப்ப அமுக்கு" என்றேன். அமுக்கினாள். ஃபோல்டர் திறந்தது. இன்னொன்றை அமுக்கினாள். அதுவும் திறந்தது. திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அக்கா."

"அப்ப இது அவுக கைக்குன்னு வச்சதா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அப்ப அதை மாத்தாத. இருந்த மாதிரியே திருப்பி வச்சிரு. பேரையும் அவுக பேருக்கே மாத்திரு. அவுகளுது அவுகளுதாவே கெடக்கட்டும். எனக்குத் தனியா ஒண்ணு போட்டுக் குடு. எனக்கு வேண்டியத மட்டும் அதுல எடுத்துப் போடு."

எழுபத்தொரு வயதில் அக்கா தனக்கென்று ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

புதுக் கணக்கு உண்டாக்குவது பெரிய விஷயம் இல்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், இந்தக் கம்ப்யூட்டருக்கு வேறொருவரைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னால் வழிகாட்டும். ஒரு விஷயம் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். ஃபோல்டரின் பெயர் அதிலிருந்துதான் வரும். தமிழில் கொடுத்தால் சில பழைய மென்பொருள்கள் அந்தப் பெயரைப் படிக்கத் தெரியாமல் தடுமாறும். பிறகு முகப்பில் தெரிகிற பெயரைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். அக்காவுக்கு அப்படித்தான் செய்தேன். அவள் பெயர் தமிழில், முதல் எழுத்தோடு திரையில் வந்தது.

பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கப்புறம் விண்டோஸ் மூன்று கேள்வி கேட்கும். பாஸ்வேர்டு மறந்துபோனால் திரும்ப உள்ளே விடுவதற்கு. கேள்விகளை ஒரு பட்டியலிலிருந்து நாமே பொறுக்கிக்கொள்ளலாம். அதில் ஒன்று, உங்கள் பெற்றோர் சந்தித்துக்கொண்ட ஊர் எது என்பது.

"எங்க சந்திச்சாக? மணவடையிலதான் சந்திச்சாக" என்றாள் அக்கா. இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்த வீட்டில் மூன்று மாதத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம். அதை விட்டுவிட்டு, சின்ன வயதில் உங்களைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவார்கள் என்ற கேள்வியை எடுத்தாள். ஒரு விரலால் தட்டினாள். என்ன தட்டியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆனால் தம்பி அப்படிக் கூப்பிட முடியாது.

இனிமேல்தான் முக்கியமான வேலை. ஒரு கணக்கில் இருப்பதை இன்னொரு கணக்குக்குக் கொண்டுபோவது.

பழுதான ஒரு கணக்கிலிருந்து புதுக் கணக்குக்கு மாறுவது எப்படி என்று விண்டோஸ் 7 காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஒரு வழிமுறை சொல்லியிருந்தது. அதில் எனக்குப் பிடித்த ஒரு நிபந்தனை உண்டு. குறைந்தது மூன்று கணக்குகள் வேண்டும். கொடுக்கிற கணக்கு ஒன்று, வாங்குகிற கணக்கு ஒன்று, இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று. காரணம் எளிமையானது. ஒருவர் உள்ளே இருக்கும்போது அவருடைய சில கோப்புகள் உபயோகத்தில் இருக்கும். அவற்றைத் தொட முடியாது. அதனால் இரண்டு பேரும் வெளியே வந்துவிட வேண்டும், மூன்றாம் ஆள் உள்ளே போய் எடுத்துவைக்க வேண்டும். நான் "தம்பி" என்று ஒரு நிர்வாகிக் கணக்கை உண்டாக்கிக்கொண்டேன்.

அதே குறிப்பில் இன்னொன்றும் இருந்தது. பழைய ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுக்கலாம், மூன்று கோப்புகளைத் தவிர. மூன்றும் என்டியூசர் என்ற பெயரில் ஆரம்பிப்பவை. அவற்றில் முக்கியமானது என்டியூசர் டாட் டேட். அந்த ஆளின் பழக்கவழக்கங்கள் எழுதப்பட்டிருக்கும் பேரேடு அது. திரை எந்த நிறம், மவுஸ் எந்தக் கைக்கு, அம்பு எவ்வளவு வேகம், எந்த பிரிண்டர் முதலில் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் அதற்கென்று ஒன்று உண்டு. ஒருவருடையதைத் தூக்கி இன்னொருவர் ஃபோல்டரில் போடக்கூடாது. சாமான்கள் போகலாம், ஆள் போகமுடியாது என்று நான் புரிந்துகொண்டேன்.

கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, "தம்பி"யாக உள்ளே போனேன். அத்தானின் ஃபோல்டரைத் திறக்கப்போனபோது, இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை, நிரந்தர அனுமதி பெறத் தொடரவும் என்று ஒரு பெட்டி வந்தது. தொடரவும் என்பதை அமுக்கினால் போதும், நிர்வாகிக்குக் கதவு திறந்துவிடும். அந்தப் பெட்டியை இதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் யோசித்து அமுக்கினேன்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். காலமானவரின் லாக்கரைத் திறக்கும்போது கூட இருந்திருக்கிறேன். சாட்சிகளை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவோம். ஆனால் மூடி முத்திரை வைத்த பொட்டலம் இருந்தால் அதை நாங்கள் பிரிப்பதில்லை. அப்படியே வாரிசிடம் கொடுக்கலாம் என்றுதான் ரிசர்வ் வங்கி விதியும் சொல்கிறது. பொட்டலம் ஒன்று என்று எழுதிக்கொள்வோம், அவ்வளவுதான்.

அத்தானின் டாக்குமெண்ட்ஸில் நாற்பது ஐம்பது ஃபோல்டர்கள் இருந்தன. வீட்டு வரி, பென்ஷன், மருத்துவம், கோயில் நன்கொடை, கல்யாணப் பத்திரிகைகள். எல்லாவற்றுக்கும் வருடம் போட்டிருந்தார். அவற்றுக்கு நடுவில் "தனி" என்று ஒன்று. வருடம் கிடையாது, வேறு குறிப்பும் கிடையாது. அதன் மேல் அம்பை வைத்தேன், உள்ளே எத்தனை கோப்பு என்று கூடப் பார்க்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதையும் எடுக்கவா?"

பார்த்தாள். "அப்படியே எடுத்துப் போடு. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

எடுத்துப் போட்டேன். அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று நம்மை நாலு பேர் வீட்டுக்குக் கூப்பிடுகிறார்களே, அவர்கள் நம்பித் தருவது அந்தத் தொடரவும் பொத்தானைத்தான். அதற்கு மேல் நாம் எடுத்துக்கொள்ளக்கூடாது.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் ஆறையும் நகலெடுத்தேன். வெட்டி ஒட்டவில்லை. இந்த மாதிரி வேலையில் எப்போதும் நகல்தான் எடுக்கவேண்டும், மூலம் இருந்த இடத்தில் இருக்கட்டும். மொத்தம் 41 ஜிபி, பெரும்பாலும் படங்கள். அது ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா வைத்த சொதியைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

கண்ணுக்குத் தெரியாத ஆப் டேட்டா என்ற ஃபோல்டரும் உண்டு. வியூ பகுதியில் மறைந்திருப்பவற்றைக் காட்டு என்று சொன்னால்தான் தெரியும். அதை மொத்தமாக அள்ளிப் போடுவது விண்டோஸ் 10இல் நல்லதில்லை, புதுக் கணக்கில் ஏதாவது குழப்பம் வரும். வேண்டியதை மட்டும் எடுக்கலாம். அத்தான் திரையில் மஞ்சள் தாள் ஒட்டுகிற மாதிரி ஸ்டிக்கி நோட்ஸில் குறித்து வைப்பார். அந்தக் குறிப்புகள் எல்லாம் பிளம் என்ற பெயருள்ள ஒரே கோப்பில் இருக்கின்றன. அதை எடுத்தேன். பிரவுசரில் அவர் குறித்து வைத்திருந்த தளங்களின் பட்டியலை, அவர் கணக்கில் போய் ஒரு கோப்பாக இறக்கி, அக்கா கணக்கில் ஏற்றினேன்.

வராதவையும் உண்டு. குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் வராது. அவற்றை விண்டோஸ் அந்தந்தப் பயனருக்கென்று பூட்டி வைத்திருக்கிறது. கோப்பை நகலெடுத்தாலும் அடுத்தவர் கணக்கில் அந்தப் பூட்டு திறக்காது. இதிலே இன்னொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஒருவருடைய பாஸ்வேர்டு தெரியவில்லை என்று அவசரப்பட்டு, நிர்வாகிக் கணக்கிலிருந்து அதை ரீசெட் செய்துவிடாதீர்கள். உள்ளே போய்விடலாம், ஆனால் அவர் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளும், அவர் பூட்டி வைத்த கோப்புகள் இருந்தால் அவையும் திறக்காமலே போய்விடக்கூடும். எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. அத்தானின் பாஸ்வேர்டு அக்காவுக்குத் தெரியும். கடைசி மாதங்களில் அவர் கை நடுங்க ஆரம்பித்தபோது அவர் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டிக் கொடுத்திருக்கிறாள்.

பிரவுசர் தானாக நிரப்புகிற பெயர், விலாசப் பட்டியலை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அக்காவுக்குப் புதிதாக ஒரு மெயில் முகவரி உண்டாக்கினோம்.

சாயங்காலம் அக்கா தன் கணக்கில் உட்கார்ந்தாள். மவுஸ் கீபோர்டுக்கு வலப்பக்கம் இருந்தது. படங்களைத் திறந்து பார்த்தாள். பென்ஷன் ஃபோல்டரைத் திறந்து, பி.பி.ஓ. நகலைத் தானே பிரிண்ட் எடுத்தாள். முதல் தடவை இரண்டு பிரதி வந்துவிட்டது. பிறகு மஞ்சள் தாள்களைத் திறந்தேன். 10ஆம் தேதிக்குள் கரண்ட் பில், பால்காரருக்குப் பாக்கி 240, அக்கா கண் டாக்டரைப் பார்க்கவேண்டிய நாள். எல்லாவற்றையும் படித்தாள். நாள் போனதை அழித்துவிடலாமே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"இது எப்படி அழிக்கிறது?" என்று அவளே கேட்டாள். காட்டினேன். பால் பாக்கியை அழித்தாள். "அது நான் அப்பவே குடுத்துட்டேன்" என்றாள். கண் டாக்டர் தாளை அப்படியே விட்டாள்.

மும்பைக்கு ஒரு மெயில் போட்டாள். ஒரு விரலில் தட்டி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. நான் உதவி செய்யவில்லை. கேட்டால்தான் செய்வது என்று உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. கேஸ் விண்ணப்பம் அடுத்த வாரமே மறுபடி போயிற்று, இந்தத் தடவை அவளே நிரப்பி.

கிளம்பும்போது "தம்பி" கணக்கை நீக்கிவிட்டேன். வேலை முடிந்தபிறகு மூன்றாம் ஆளுக்கு அங்கே என்ன வேலை? அக்கா கணக்கையே நிர்வாகி ஆக்கினேன். அத்தானின் கணக்கு அவர் பெயரோடு, அவர் மவுஸோடு அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால் திரையின் இடது கீழ் மூலையில் இரண்டு பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும்.

பஸ்ஸில் வரும்போது என் வீட்டை நினைத்துக்கொண்டேன். அங்கேயும் ஒரே கணக்கு, என் பெயரில். மறுநாளே மனைவிக்கு ஒன்று உண்டாக்கினேன். "எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றாள். எழுத்தைப் பெரிதாக்கி வைக்கச் சொன்னாள். இத்தனை நாள் என் எழுத்தளவில்தான் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்திருக்கிறாள். இதைப் படிக்கிற என் வயதுக்காரர்கள் வீட்டில் இந்த வேலையை இப்போதே, இரண்டு பேரும் இருக்கும்போதே செய்து வையுங்கள். நகலெடுக்க வேண்டியது குறைவாக இருக்கும்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. போன மாதம் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, சி டிரைவ் செகப்பா காட்டுது. இடம் இல்லங்குது."

எனக்கு உடனே விளங்கியது. அத்தான் போட்டிருந்தது 120 ஜிபி டிஸ்க். எல்லாம் நகல். அந்த 41 ஜிபி இரண்டு இடத்தில் இருக்கிறது. மூலம் இருக்கட்டும் என்று சொன்னவன் நான்தான். என்ன செய்யலாம், பெரிய டிஸ்க் வாங்கி மாட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே, "நான் வந்து பாக்கேன் அக்கா" என்றேன்.

"நீ வரவேண்டாம். அவுக கணக்கை எடுத்துட்டா இடம் வருமுல்லா?"

"வரும்."

"அதுல இருக்கிறது எல்லாம் என்கிட்ட இருக்கு. பென்டிரைவிலயும் ரெண்டு போட்டு, ஒண்ண பீரோவுல வச்சிருக்கேன். எங்க போய் எடுக்கணும்னு மட்டும் சொல்லு."

சொன்னேன். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், மற்ற பயனர்கள். அவர் பெயர்மேல் அமுக்கினால் நீக்கு என்று வரும். பிறகு ஒரு பெட்டி வரும், இந்தக் கணக்கோடு அதிலுள்ள எல்லாமும் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்கும். ஒருதடவை அழித்தால் திரும்ப வராது அக்கா என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

போனில் சத்தம் இல்லை. மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. நானும் பேசவில்லை. பிறகு ஒரு கிளிக் கேட்டது.

"நீலமாயிட்டுது தம்பி" என்றாள்.